தேசிங்கு ராஜா ஏறிய குதிரை எந்த இனம்? 22 வயதில் முடிந்த ஒரு சவாரியின் கதை

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டுல பைக்கை ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்க. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாத்தா யாராவது, மனசுல பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு என்று திட்டாமல் விடமாட்டார். நம்ம பக்கம் மட்டுமில்ல, தமிழ்நாடு முழுக்கவே வேகமாப் போறவனுக்கு இதுதான் பேர். விமல் நடிச்ச படத்தோட தலைப்பா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர் ஞாபகம் வரும், 1960-ல் வந்த ராஜா தேசிங்கு.

நிஜ தேசிங்கு ஒருத்தன் இருந்தான். செஞ்சிக் கோட்டையை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. 22 வயசுல செத்துப்போனான். 300 வருஷம் கழிச்சும் அவன் பேரைச் சொன்னா குதிரை ஞாபகம் வருதுன்னா, அந்தக் குதிரையைப் பத்தியும் கொஞ்சம் விசாரிக்கணும் இல்லையா?

கோட்டை எப்படிக் கைக்கு வந்தது?

செஞ்சி தேசிங்குவின் பூர்விகம் கிடையாது. அவன் பண்டேலா ராஜபுத்திரன். இன்றைய மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கிற பண்டேல்கண்ட்தான் அவன் குடும்பத்தின் சொந்த மண். ஜான்சி இருக்கிற அதே வட்டாரம். பெயரும் தேஜ் சிங். தமிழ் வாய்க்குள் புகுந்து அது தேசிங் ஆகி, தேசிங்கு ஆகிவிட்டது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று 3 மலைகளைச் சேர்த்து மதில் கட்டிய கோட்டை செஞ்சி. 1677-ல் சிவாஜி அதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் தக்காணத்திலிருந்து தப்பி வந்து இங்கேதான் உட்கார்ந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய படை 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. 8 வருஷம்! அதுக்குள்ள ராஜாராம் நழுவிட்டார். மராத்தியரின் கோட்டைகளுக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கொடுத்தபோது, பட்டியலில் இருந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சிதான்.

கோட்டை முகலாயர் கைக்கு வந்த பிறகு, அதைக் காவல் காக்கும் கில்லேதாராக நியமிக்கப்பட்டவர் ஸ்வரூப் சிங். தேசிங்குவின் அப்பா. சாதாரண ஆள் இல்லை. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனியோடு 1710 வாக்கில் நேருக்கு நேர் மோதியவர். ஆனால் அவரிடம் ஒரு சிக்கல். ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தை ஒழுங்காகக் கட்டவில்லை. 10 வருஷப் பாக்கி, மொத்தம் 70 லட்சம் ரூபாய் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்து 70 லட்சம். 1714-ல் அவர் இறந்தபோது கோட்டையோடு சேர்த்து இந்தக் கடனும் மகன் தலையில் வந்து விழுந்தது.

பண்டேல்கண்டில் இருந்த தேசிங்கு செய்தி கேட்டுக் கிளம்பி வந்தான். அப்பாவுக்குக் காரியம் செய்தான். கோட்டைப் பொறுப்பை எடுத்துக்கொண்டான்.

யாரும் ஏற முடியாத குதிரை

கதைப்பாடலுக்கு இந்தக் கணக்குவழக்கெல்லாம் பிடிக்காது. அது டெல்லியில் தொடங்குகிறது. பாதுஷாவிடம் ஒரு குதிரை வந்து சேர்கிறது. ஏறப்போனவனை எல்லாம் தூக்கி எறிகிறது. அதை அடக்கச் சொல்லி வரவழைக்கப்பட்ட தேசிங்குவின் தகப்பனாலும் முடியவில்லை. அவரைச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். பையன் வளர்ந்து, விஷயம் தெரிந்து, டெல்லிக்குப் போகிறான். குதிரையில் ஏறுகிறான். குதிரை வானத்துக்கும் பூமிக்குமாகப் பாய்கிறது. அவன் விழவில்லை. அப்பா விடுதலை ஆகிறார். குதிரையும் பரிசு, கல்யாணத்துக்குப் பெண்ணும் பரிசு.

குதிரையின் பெயர் பாராசாரி. தேசிங்குவின் உயிர் நண்பன் மகபத்கான், பாட்டில் அவன் பெயர் மோவுத்துக்காரன், ஏறிய குதிரை நீலவேணி. ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் தேசிங்குவின் குதிரை நீலவேணி என்றே சொல்வார்கள். பெயர் அழகா இருந்ததால் ஹீரோவுக்குக் கொடுத்துட்டாங்க போல.

இந்தக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அடங்காத குதிரை, சின்னப் பையன், அசந்துபோகும் அரசன் என்ற கட்டுமானம் அலெக்சாண்டர் காலத்திலிருந்தே இருக்கிறது. புசெபலஸ் என்ற குதிரை யாரையும் ஏறவிடவில்லை, அது தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிறது என்று பையன் அலெக்சாண்டர் கண்டுபிடித்து, அதைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி ஏறினான் என்பது கதை. ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கு. அடங்காத குதிரை என்று எதுவும் சும்மா பிறப்பதில்லை. ஒன்று பயம், இல்லையென்றால் வலி. சேணம் முதுகில் சரியாகப் பொருந்தாமல் உறுத்தும். பல் கூர்மையாக வளர்ந்து, கடிவாளம் வாயில் படும்போதெல்லாம் குத்தும். முன்னாடி எவனோ அடித்திருப்பான். குதிரை எதையும் லேசில் மறக்காது. அதைக் கண்டுபிடிக்கிறவனிடம் மட்டும் அது அடங்கும். தேசிங்கு அப்படிப்பட்ட ஒருத்தனாக இருந்திருக்கலாம். குறைந்தபட்சம், குதிரை மீது நன்றாக உட்காரத் தெரிந்தவன் என்ற பெயராவது இல்லாமல் இவ்வளவு பெரிய பாட்டு முளைத்திருக்காது.

நீலவேணி என்றால் நீல நிறப் பிடரி உடையவள். நீலக் குதிரை உலகத்தில் உண்டா? ஒரு வகையில் உண்டு. நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளை இல்லை. கறுப்பாகவோ அடர்ந்த பழுப்பாகவோ பிறந்து, வருஷா வருஷம் நரைத்து, கடைசியில்தான் வெள்ளையாகும். நடுவில் 4, 5 வயதில் வெயிலில் நிறுத்திப் பாருங்கள், இரும்பு மாதிரி ஒரு நீலச் சாயல் மின்னும். போருக்கு ஏற்ற வயசும் அதுதான். நீலவேணிக்குப் பெயர் வைத்தவர் அதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

சரி, என்ன இனம்?

இந்தக் கேள்வி முகலாயர் காலத்தில் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. சம்பளக் கேள்வி. அக்பர் காலத்து அயினி அக்பரி குதிரைகளை 7 தரமாகப் பிரிக்கிறது. அரபி முதல் தரம், அடுத்து பாரசீகக் குதிரை, அப்புறம் முஜன்னஸ், துருக்கி, யாபூ. கடைசி இரண்டும் உள்நாட்டுக் குதிரைகள், தாஜி, ஜங்லா. எந்தத் தரக் குதிரையோடு வருகிறானோ அதற்கேற்றபடி வீரனுக்குப் படி. கணக்கெடுப்பு அன்றைக்கு நல்ல குதிரையைக் காட்டிவிட்டு, போருக்கு மட்டமான குதிரையோடு வந்து ஏமாற்றுகிறார்கள் என்பதால் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தார்கள். அதற்கு தாக் என்று பெயர். இப்ப ஆர்.சி. புக் பார்க்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

முகலாயர் பெரிய, உயரமான குதிரைகளை விரும்பினார்கள். கனமான கவசம், கனமான வாள், யானைகளோடு சேர்ந்த படை. மராத்தியர் ஓட்டியது பீமா நதிப் பள்ளத்தாக்கின் பீம்தடி என்ற தக்காணக் குதிரை. உயரம் குறைவு, பார்க்க மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கிடைத்ததைத் தின்னும், மலை ஏறும், நாள் முழுக்க நடக்கும். செஞ்சி முற்றுகை 8 வருஷம் இழுத்ததற்குக் கோட்டை மட்டுமே காரணமில்லை. வெளியே சுற்றிக்கொண்டிருந்த மராத்தியக் குதிரைப்படை முகலாய முகாமின் தானிய வண்டிகளை மறித்துக்கொண்டே இருந்தது. அந்த வேலைக்குப் பெரிய குதிரை ஆகாது. சின்னக் குதிரைதான் வேணும்.

ராஜபுத்திரர்களின் குதிரை என்றால் மார்வாரி, கத்தியவாரி. இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மார்வார் ராஜஸ்தான், கத்தியவார் குஜராத். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும், அங்கே போனால் இரண்டையும் நேரில் பார்க்கலாம். சுழி பார்த்து, பல்லைப் பிடித்து வயசு பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்குகிறவர்களின் கண்ணைக் கவனிப்பதே ஒரு படிப்பு.

பண்டேலா வீரன் ஒருவன் வட இந்தியாவிலிருந்து தெற்கே சவாரி செய்து வந்தான் என்றால், அவன் தொடைக்குக் கீழே இருந்தது பாலைவன மூதாதையர் கலந்த இப்படியான குதிரையாகவோ அரபியாகவோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் சொன்னால் அது கதை விடுவது.

குதிரையை ஊர் விட்டு ஊர் கொண்டுவருவது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்பதற்கு நம்ம பக்கத்துலயே சாட்சி உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்ட சகோதர அரசர்கள் ஒவ்வொருவரும் வருஷம் 2,000 குதிரைக்கு மேல் வாங்கியதாகவும், வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாது என்றும் எழுதியிருக்கிறார். அரபுக் கடலோரத்திலிருந்து கப்பலில் காயல் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து மதுரைக்குப் போக நம்ம அருப்புக்கோட்டை, விருதுநகர் கரிசல் மண்ணைத் தாண்டித்தான் போயிருக்கும். வந்து சேர்ந்த குதிரைக்குச் சோறும் கறியும் சமைத்துப் போட்டார்களாம். வைத்தியம் தெரிந்தவன் இல்லை, லாடம் கட்டத் தெரிந்தவனும் இல்லை. வியாபாரிகளே அப்படிப்பட்டவர்கள் இங்கே வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! இனம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், மண்ணுக்கும் தீனிக்கும் பழக்கப்படாவிட்டால் அது வெறும் செலவு.

இன்னைக்கு அவன் இருந்திருந்தால்?

தேசிங்கு இறந்ததற்கு 10 வருஷம் முன்னால், 1704-ல், சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து ஒரு ஆண் குதிரை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. அதன் பெயர் டார்லி அரேபியன். பைர்லி டர்க், கொடால்ஃபின் அரேபியன் என்ற இன்னும் இரண்டோடு சேர்த்து இந்த 3 குதிரைகளின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்க ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகள். ஆண் வழியில் பார்த்தால் மிகப் பெரும்பாலானவை டார்லி அரேபியனிடம்தான் போய் முடியும். பாராசாரியும் டார்லியும் சமகாலத்தவர்கள்! ஒன்று பாட்டில் மட்டும் மிச்சம், இன்னொன்று ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தரோபிரெட் 1 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டர் வரை பறப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. நீளக் கால், ஆழமான நெஞ்சு, சட்டென்று சூடாகும் ரத்தம். ஊட்டி ரேஸில் பார்த்திருப்பீர்கள். அதைவிடக் குறுகிய தூரம், கால் மைல் மட்டும் என்றால் அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ் முந்திவிடும். பின்னந்தொடையைப் பாருங்க, ஜிம் பாய் மாதிரி இருக்கும். ஆனால் 160 கிலோமீட்டர் மலைப்பாதையை ஒரே நாளில் கடக்கணும் என்றால் கதையே வேற. கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கப் பந்தயத்தில் அதிகம் ஜெயிப்பது அரபிக் குதிரைகள். 15 ஹேண்ட் உயரம்தான் இருக்கும். 1 ஹேண்ட் என்பது 4 அங்குலம், தோள்மேடு வரைக்கும் அளப்பார்கள். உடம்பு சின்னது, அதனால் சூடு சீக்கிரம் ஆறும். மூக்குத் துவாரம் அகலம். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கும் அது அவ்வளவாக அசராது.

வண்டிப் பந்தயம் வேற கணக்கு. தென் மாவட்டத் திருவிழாக்களில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டியும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அங்கே பாய்ச்சலைவிட சீரான ஓட்டம்தான் முக்கியம். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து விழும், பிறகு மற்ற ஜோடி. அப்படி ஓடினால் வண்டி குலுங்காது. அமெரிக்காவில் இதற்கென்றே ஸ்டாண்டர்ட்பிரெட் என்று ஒரு இனம் வளர்த்தார்கள். அங்கே நடுவில் குதிரை ஆர்வக்கோளாறில் நாலுகால் பாய்ச்சலுக்குத் தாவிவிட்டால் இழுத்துப் பிடித்துப் பின்தங்கித்தான் ஆகணும். போலோவுக்கு, அந்த விளையாட்டின் தாய்வீடான மணிப்பூரின் மட்டக்குதிரை. 13 ஹேண்டுக்குள் இருக்கும், காசு போட்டால் அதன் மேலேயே திரும்பும். டிரெஸாஜ் என்ற நடன நடைக்கும், தடை தாண்டுவதற்கும் ஹானோவேரியன், டச்சு வார்ம்பிளட் மாதிரி ஐரோப்பிய இனங்கள். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸாஜ் அணி தங்கம் வென்றது ஞாபகம் இருக்கா? குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழிச்சுக் கிடைத்த தங்கம்.

இதில் தேசிங்கு எதில் இறங்கியிருப்பான்? என் ஓட்டு ஈவெண்டிங்குக்கு. ஒரே குதிரை, ஒரே ஆள், 3 சோதனை. முதலில் அடக்கமாக நடந்து காட்டணும், அடுத்து காடு மேடு பள்ளம் தண்ணீர் எல்லாம் தாண்டணும், கடைசியில் தடை தாண்டணும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் ராணுவ அதிகாரிகளுக்காகவே இதை அறிமுகப்படுத்தினார்கள். குதிரைப்படைக் குதிரைக்கு வைக்கும் பரீட்சைதான் அது. பாட்டில் வரும் பாராசாரி இரண்டாவது, மூன்றாவது சுற்றில் தூள் கிளப்பியிருக்கும். முதல் சுற்றில்தான் எனக்குச் சந்தேகம்.

குதிரை கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிங்கு மாதிரி அடங்காத குதிரையில் ஆரம்பிக்காதீங்க. பந்தயத்தில் ஓய்வு கொடுத்த தரோபிரெட் சில சமயம் மலிவாகக் கிடைக்கும், அது புதுசா ஏறுகிறவனுக்கான வண்டி இல்லை. வயசான, நிதானமான குதிரையே வாத்தியார். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 5-இல் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. இது அதன் முதுகெலும்பு சம்பந்தப்பட்டது, ஹெல்மெட் உங்க தலை சம்பந்தப்பட்டது.

வெடிச் சத்தமும் குதிரைக் காதும்

சிவகாசிக்காரர்களுக்கு வெடியுப்பு, கந்தகம், கரி என்று சொன்னால் போதும், விளக்க வேண்டியதில்லை. இன்றும் திரியில் இருப்பது அந்தக் கருமருந்துதான். 1714-ல் துப்பாக்கியிலும் பீரங்கியிலும் இருந்ததும் அதே கருமருந்து.

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் முதுகுக்கு நேர் பின்னால் கொஞ்சம் தவிர கிட்டத்தட்ட சுற்றி எல்லாம் தெரியும். காது தனித்தனியாகத் திரும்பும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும், அதற்கு 33,000 வரை கேட்கும். நம்ம நாட்டில் ஒரு பட்டாசு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவே குதிரைக்குத் தாங்காது. தீபாவளி ராத்திரி கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடிய குதிரைகளைப் பற்றி வண்டிக் குதிரை வைத்திருந்த குடும்பங்களில் கேட்டால் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட பிராணியைப் பீரங்கி முன்னால் நிறுத்துவது எப்படி? இன்றும் காவல்துறைக் குதிரைகளைப் பழக்கும் வழி அதேதான். தூரத்தில் சின்னச் சத்தம், அப்போது கொள்ளு. சத்தம் கொஞ்சம் கிட்டே வரும், மறுபடி கொள்ளு. பழகிய குதிரை ஒன்று பக்கத்தில் அசையாமல் நிற்கும், அதைப் பார்த்துப் புதுசு கற்றுக்கொள்ளும். மாசக்கணக்கில் ஆகும். இதில் இனம் பாதி, பழக்கிய கை பாதி. மேல ஏறி இருக்கிறவன் பயந்தால் அவன் தொடை இறுகும், அது குதிரைக்கு உடனே தெரிந்துவிடும். தேசிங்குவின் குதிரை துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் முன்னோக்கி ஓடியது என்று பாட்டு சொல்கிறது. முன்னோக்கி என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

1714 அக்டோபர் 3

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் வில்லன் மாதிரி படத்தில் வருவார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஔரங்கசீப் ஸ்வரூப் சிங்குக்குக் கொடுத்த ஆணை அவரோடு முடிந்துவிட்டது, கோட்டை சொத்து மாதிரி பரம்பரையாக வராது, டெல்லியில் இப்போதிருக்கும் பாதுஷாவிடம் புது ஆணை வாங்கி வா, பாக்கியையும் கட்டு என்பது அவர் வாதம். அப்பாவுக்குக் கொடுத்தது தனக்கும் போதும் என்பது தேசிங்குவின் நிலை. டெல்லியிலிருந்து அவனுக்கு ஆதரவு வரவில்லை. 70 லட்சமும் அவனிடம் இல்லை. பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

நவாபின் படை செஞ்சியை நோக்கி வந்தது. தேசிங்குவிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள். எதிரில் ஆயிரக்கணக்கில். பாட்டில் இந்த எண்ணிக்கை பாடுகிறவரின் மூடைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். செஞ்சி எப்படிப்பட்ட கோட்டை! முகலாயப் பேரரசையே 8 வருஷம் வாசலில் நிற்கவைத்த மலை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். தேசிங்கு வெளியே வந்தான். குதிரைக்காரனின் புத்தி அது. கோட்டைக்குள் குதிரைக்கு என்ன வேலை? லாயத்தில் நின்று கொள்ளு தின்பதைத் தவிர. திறந்த வெளியில் நேராகப் பாய்ந்து எதிரியின் தலைவனைத் தாக்கி வீழ்த்தினால் படை கலைந்துவிடும் என்று நம்பியிருப்பான். அந்தக் காலப் போர்களில் அப்படி நடக்கவும் செய்திருக்கிறது. அவன் குதிரையும் அவன் திறமையும் அந்த ஒரு வேலைக்குத்தான் பொருத்தம்.

மகபத்கான் அப்போது கல்யாண மாப்பிள்ளை. நண்பன் போருக்குப் போகிறான் என்று தெரிந்ததும் மணப்பந்தலை விட்டு எழுந்து நீலவேணியில் ஏறி வந்துவிட்டான் என்கிறது பாட்டு. ஒரு ராஜபுத்திரனும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து நவாபை எதிர்த்த கதையை ஊர் ஊராகப் பாடியவர்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. நட்பு மட்டும்தான் தெரிந்தது.

வழியில் சங்கராபரணி ஆறு. வெள்ளம். தேசிங்கு குதிரையோடு இறங்கிவிட்டான். குதிரை நன்றாக நீந்தும். ஆனால் கவசமும் ஆயுதமும் ஆளும் சுமந்து ஓடும் தண்ணீரில் நீந்துவது எல்லாக் குதிரைக்கும் ஆகாது. அவனைப் பின்தொடர்ந்து அக்கரை ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான், மிச்சப் பேர் இக்கரையிலேயே நின்றுவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரே ஒரு நல்ல குதிரை வைத்திருப்பதில் உள்ள ஆபத்து இது. படை அதன் வேகத்துக்கு வராது.

அடுத்த காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். குதிரை எதிரியின் யானை மீதே முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. ஹல்திகாட்டியில் 1576-ல் ராணா பிரதாப்பின் சேத்தக் செய்ததாகவும் இதே காட்சி உண்டு. ராஜபுத்திரக் கதை எங்கே போனாலும் யானையும் குதிரையும் கூடவே போகும் போலிருக்கிறது. நடந்ததோ இல்லையோ, முன்வரிசையை உடைத்துக்கொண்டு தேசிங்கு வெகுதூரம் உள்ளே போய்விட்டான் என்பது மட்டும் தெளிவு. மகபத்கான் விழுந்தான். குதிரையை வெட்டிச் சாய்த்தார்கள். தேசிங்கு துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான். எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு. அதைச் சுட்டவன் நல்ல குதிரைக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதற்கப்புறம் இந்தியாவில் பெரிய போர்களை முடிவு செய்தது பெரும்பாலும் வரிசையில் நின்று சுடும் காலாட்படையும் பீரங்கியும்தான்.

உடலைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து கோட்டைக்குள் செட்டிகுளத்துக் கரையில் தகனம் செய்தார்கள். அவன் மனைவி அதே சிதையில் ஏறினாள். ரொம்பச் சின்ன வயசு. சினிமாவும் பாட்டும் அதைப் புனிதமாகக் காட்டும், எனக்கு அது முடியவில்லை. பாக்கிக் கணக்கிலோ, ஆணை யார் தருவது என்ற வழக்கிலோ, ஆற்றில் இறங்கும் முடிவிலோ அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

செஞ்சிக்குப் போனால் ராஜகிரி ஏறுவதற்கு முன் அந்தக் குளத்தையும் பாருங்கள். கல்யாண மகால், நெற்களஞ்சியம் பக்கத்தில் குதிரை லாயங்களும் இருக்கின்றன. வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி நீலாம்பூண்டி என்ற கிராமத்தில் மகபத்கானுடையது, குதிரையுடையது என்று ஊரார் காட்டும் சமாதிகள் உண்டு.

அந்த ராணியின் நினைவாக நவாப் சாதத்துல்லாகான் ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் ஒரு ஊர் அமைத்தார். அதுதான் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன அந்த ஊர் 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. பஸ் போர்டிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் அவள் இருக்கிறாள். பாட்டு அவளை ராணிபாய் என்று மட்டும் கூப்பிடுகிறது. குதிரைக்காவது இரண்டு பெயர்.